நாய்க்கா பரிசு, போர்வைக்கா பரிசு?

அரசியல் ஏட்டில் நாயைப் பற்றி எழுத வந்துவிட்டார்களே என்று புருவம் உயர்த்தும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். தோற்றத்துக்கு முடிசூட்டித் தகுதியைத் தெருவில் நிறுத்தும் பழக்கம் எங்கே தலைகாட்டினாலும் அதைக் கண்டிப்பது நமது கடமை. அது நாய்க் கண்காட்சி வளையத்துக்குள் தலைகாட்டினால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையை அடுத்து வாழ்கிறார் நமது நண்பர் ஒருவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆப்கான் ஹவுண்ட் எனப்படும் நீள்உரோம வேட்டை நாய் ஒன்றை நான்கு ஆண்டுகளாக வளர்த்து வருகிறார். விடியற்காலையில் ஆற்றோரத்து வெளியில் அது ஓடுவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மோப்பம் பிடித்து மெல்லத் தொடரும் நாயன்று அது. கண்ணால் கண்டு காற்றாய்ப் பாயும் நாய். அதை அவர் கண்டிப் பகுதியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அழைத்துச் சென்றார். நாமும் உடன் சென்றோம்.

நடுவர் வந்தார், நின்றார், நோக்கினார். நாயின் மேல் கை வைக்கவில்லை. முதுகின் நடுவே உரோமம் குறுகியிருப்பதைச் சுட்டிக்காட்டி, போர்வை நிறையவில்லை என்றார். முகத்தின் ஓரம் வெளிறி முதுகு கருத்திருந்த அதன் நிறத்தைப் பார்த்து, இந்த நிறம் வளையத்தில் எடுபடாது என்றார். முதலிடம் யாருக்குப் போயிற்று? தரையைக் கூட்டும் அளவுக்கு உரோமம் தொங்கிய வெண்பொன் நிற நாய் ஒன்றுக்கு. இரண்டு சுற்று ஓடியதும் அந்த வெற்றி வீரர் மேசைக்கு அடியில் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்துக்கொண்டார். இருவர் நின்று விசிற வேண்டியதாயிற்று!

அந்த நடுவரின் பெயரையோ கண்காட்சியின் பெயரையோ நாம் எழுதப்போவதில்லை. தனி ஆளைத் தாக்குவது நமது நோக்கமன்று. ஒருவர் செய்த பிழையாயின் மன்னித்துவிடலாம். ஊர் தோறும் வழக்கமாகிவிட்ட பிழையை மன்னிக்க நமக்கு உரிமையில்லை.

இலக்கணம் சொல்வது என்ன?

நடுவர் தம் மனம்போன போக்கில் தீர்ப்பளிக்க அங்கே நிற்கவில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைத்த இலக்கணம் உண்டு. ஆப்கான் ஹவுண்டுக்குப் பிரிட்டிஷ் கெனல் கழகம் வகுத்த இலக்கணம் என்ன கூறுகிறது? விலாவிலும் முன்பின் கால்களிலும் உரோமம் நீண்டு மெல்லியதாய் இருத்தல் வேண்டும். வளர்ந்த நாய்க்குத் தோளிலிருந்து முதுகு நெடுகச் சேணம் போட்டாற்போல உரோமம் குட்டையாகவும் நெருக்கமாகவும் அமைதல் வேண்டும். முகத்தில் உரோமம் குட்டையானது. கால் மணிக்கட்டில் உரோமம் இல்லாதிருப்பினும் குற்றமில்லை. வாலில் உரோமம் அடர்ந்திருக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உரோமம் இயற்கையாக வளர்ந்ததாக இருத்தல் வேண்டும். நிறமோ, எதுவாயினும் ஏற்கத்தக்கது.

அமெரிக்கக் கெனல் கழகத்தின் இலக்கணமும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. உரோமத்தைக் கத்தரிக்கவோ செதுக்கவோ கூடாது என்கிறது. எல்லா நிறங்களுக்கும் இடமளித்துவிட்டு, வெள்ளைத் திட்டுகள், சிறப்பாகத் தலையில் இருப்பவை, விரும்பத்தக்கவையல்ல என்று மட்டும் குறிக்கிறது.

இப்போது நாம் கேட்கிறோம்: நமது நண்பரின் நாயிடம் நடுவர் கண்ட குற்றம் எது? முதுகில் இருந்த குட்டை உரோமம். அது குற்றமா? இலக்கணம் கேட்கும் இலட்சணமே அதுதான்! குட்டிப் பருவத்துப் பஞ்சு உரோமம் உதிர்ந்து, நாய் முதிர்ச்சி அடைந்துவிட்டது என்பதற்கு இயற்கை இடும் முத்திரை அது. முத்திரையைக் கறை என்று படித்தவரிடம் பத்திரத்தை நம்பிக் கொடுப்பது எப்படி?

போர்வைக்குள் இருப்பது எது?

கண்டி, மாத்தளைப் பக்கத்து மிளகு வியாபாரியைப் பாருங்கள். சாக்கின் வாயில் பளபளக்கும் மணியைப் பார்த்து அவர் விலை பேசுவதில்லை. முழங்கை வரை கையை உள்ளே விடுகிறார். அடிச் சரக்கை அள்ளுகிறார். உள்ளங்கையில் வைத்து நிறை பார்க்கிறார். பதரா, மணியா என்று அவர் கை சொல்லிவிடும். உழவு மாடு வாங்கப் போகும் கமக்காரர் கொம்பில் பூசிய வர்ணத்துக்கா பணம் கொடுக்கிறார்? குளம்பைப் பார்க்கிறார், பல்லைப் பார்க்கிறார், நடத்திப் பார்க்கிறார். நாயை நடுவாண்மை செய்ய வந்த கனவானுக்கு மட்டும் கை எதற்காக முளைத்தது?

நீள்உரோம நாயை மதிப்பிடுவதிலுள்ள இடரே இதுதான். குட்டை உரோம நாயிடம் எலும்பும் தசையும் கண்ணுக்கு எதிரே நிற்கின்றன. ஆப்கானிடமோ அவை போர்வைக்குள் ஒளிந்திருக்கின்றன. இடுப்பெலும்புகள் அகன்று புடைத்திருத்தல், இடைப் பகுதி அகன்று வலிமையாக இருத்தல், மார்பு ஆழ்ந்திருத்தல், பாதம் பெரிதாயிருத்தல் ஆகியவை இந்த இனத்தின் உயிர்க்கூறுகள். இவற்றைத் தொட்டுத்தான் அறிய முடியும். வளைந்த முதுகையும் ஒடுங்கிய மார்பையும் ஒரு முழ உரோமத்தால் மறைத்துவிடலாம். சீப்பும் கத்தரியும் கைதேர்ந்தவரிடம் இருந்தால் இல்லாத தோளை உண்டாக்கலாம். ஆகவே, கை வைக்காத நடுவர் நாய்க்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. சீப்புக்குத் தீர்ப்புச் சொல்கிறார்.

வரலாறு சொல்லும் சாட்சி

ஆப்கான் மலைகளிலும் சமவெளிகளிலும் முயலையும் மானையும் நரியையும் துரத்திப் பிடிக்கவே இந்த நாயை மக்கள் வளர்த்தார்கள். உரோமம் அங்கே அலங்காரம் அன்று. குளிரைத் தாங்கும் கம்பளி. 1907-ஆம் ஆண்டு லண்டன் கிறிஸ்டல் பாலஸ் கண்காட்சியில் சர்தின் என்னும் ஆப்கான் நாய் வெற்றி பெற்றுப் பெரும்புகழ் அடைந்தது. ஆங்கிலேயர் பின்னர் இனத்துக்கு இலக்கணம் வகுக்க முற்பட்டபோது முன்மாதிரியாகக் கொண்டது சர்தினையே. அதன் படம் இன்றும் இருக்கிறது. இன்றைய பரிசு நாய்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது போர்வையைக் களைந்துவிட்டு வந்த நாய்போல் தோன்றும்!

பின்னர் இரு குலங்கள் பிரித்தானியாவுக்குச் சென்றன. 1920-இல் பெல்-மரே குலம் ஸ்கொட்லாந்தை அடைந்தது; அது சமவெளி நாய், உரோமம் குறைவு. 1925-இல் கஸ்னி குலம் சென்றது. அது மலைநாட்டு நாய், உரோமம் மிகுதி. எது உண்மையான ஆப்கான் என்று இரு சாராரும் மல்லுக்கு நின்றார்கள். உண்மை என்ன? வாழ்ந்த நிலத்துக்கேற்ற ஆடையை இரண்டும் உடுத்தியிருந்தன. இரண்டின் குருதியும் கலந்தே இன்றைய இனம் உருவாயிற்று. 1957-இல் நியூயோர்க் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியின் தலையாய பரிசை ஆப்கான் ஒன்று தட்டிச் சென்றது. 1970-களில் மேனாட்டுச் செல்வர் இல்லங்களில் இந்த நாய் நாகரிகச் சின்னமாயிற்று. நாகரிகம் புகுந்த வீட்டில் வேட்டைக்கு இடமேது? உரோமம் நீண்டது, ஓட்டம் குறுகியது. ஓடினால் உரோமம் ஒடியும் என்று நாயை ஓடவிடாமல் காக்கும் விந்தை மனிதர்களும் தோன்றினார்கள். ஓடப் பிறந்த நாயை ஓடவிடாமல் வளர்த்து, ஓடும் நாய்களுக்கான பரிசைப் பெறுகிறார்கள். இதைவிடக் கொடிய கேலி வேறுண்டோ?

நிறத்தின் கதை

நிறத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. ஆப்கானுக்கு உறவான இனம் சலூக்கி. அரபு நாட்டு மணல்வெளியில் மானைத் துரத்திய நாய். பிரிட்டிஷ் கெனல் கழகம் அதை 1923-இல் ஏற்றுக்கொண்டது. நிறத்தைப் பற்றி அதன் விதி என்ன? எந்த நிறமும் ஆகும், புலிவரி நிறம் மட்டும் ஆகாது. சர்வதேச நாயினச் சம்மேளனமோ புலிவரி விரும்பத்தக்கதன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. அமெரிக்கக் கழகம் சில நிறங்களைப் பட்டியலிட்டு எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் புலிவரி இல்லை. ஒரே நாய்! கடலைக் கடக்கும்போது அதன் காலும் மாறவில்லை, மார்பும் மாறவில்லை, மதிப்பு மட்டும் மாறுகிறது. இது நாயின் குணமா, எழுதியவரின் குணமா?

அறிவியலைக் கேட்போம். சலூக்கியில் உரோமம் தொங்கும் வகையும் உண்டு, வழுவழுப்பான வகையும் உண்டு. உரோமம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இலக்கணம் ஒன்றே. 2009-ஆம் ஆண்டு 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களை ஆராய்ந்த அறிஞர்கள், நாய்களின் உரோம வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று கண்டார்கள். உரோமத்தின் நீளத்தை ஆள்வது அவற்றில் ஒன்று. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து சமைத்த உடலை ஒதுக்கிவிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கு மாலை போடுகிறோம்!

நமது நண்பரின் நாய்க்கு வாய்த்த நிறத்தையும் அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. வெளிர் முகமும் இருண்ட முதுகுமாக அமையும் அந்நிறத்துக்கு ஆப்கானில் ஒரு பெயர், சலூக்கியில் வேறு பெயர். இரண்டுக்கும் காரணம் ஒரே மரபணு மாற்றம் என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்விரண்டு பழைய இனங்களும் பகிர்ந்துகொள்ளும் தொன்மையான அடையாளம் அது. எடுபடாது என்று நடுவர் தள்ளியது இனத்தின் பழம்பெரும் முதுசத்தை! வீட்டுப் பரணில் கிடந்த செப்பேட்டைப் பழைய தகரம் என்று விற்றவன் கதைதான் இது.

மறுப்புக்கு மறுமொழி

எதிர்த்தரப்பார் சும்மா இருக்கமாட்டார்கள். நீள்உரோமம் இனத்தின் அடையாளம் அல்லவா, அதைப் பாராட்டுவது குற்றமா என்பார்கள். குற்றமில்லை. மென்மையான நல்ல உரோமம் நல்லூட்டத்துக்கும் உடல்நலத்துக்கும் சாட்சி. நாம் உரோமத்தைச் சிரைக்கச் சொல்லவில்லை. சாட்சியை நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்தாதீர்கள் என்கிறோம். இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டிய அளவு இருந்தால் மதிப்பெண் கொடுங்கள். அளவு மிஞ்சிய உரோமத்துக்கு மதிப்பெண் கொடுப்பது, உப்பு மிஞ்சிய கறிக்குப் பரிசு கொடுப்பதாகும்.

நிறத்தை அறவே பார்க்கக்கூடாதா என்றும் கேட்பார்கள். பார்க்கவேண்டிய இடமும் ஒன்று உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. மெர்ல் எனப்படும் திட்டுத் திட்டான சாம்பல் நிறத்தைத் தரும் மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குட்டி செவிடாகவும் குருடாகவும் பிறக்கக்கூடும். நிறமிக் குறைவால் வரும் மிதமிஞ்சிய வெண்மையோடும் செவிட்டுத்தன்மை தொடர்புடையது. நீலச்சாம்பல் நிற நாய்கள் சிலவற்றுக்கு உரோமம் உதிரும் நோய் வருவதுண்டு. நிறம் நோயைக் காட்டும் இடத்தில் அதை உற்றுப் பாருங்கள், அது அறிவு. நோயில்லா இடத்தில் நிறத்துக்காக நாயைத் தள்ளுவது வெறும் ஆசை. ஆசையைத் தீர்ப்பென்று அறிவிக்க யாருக்கும் உரிமையில்லை.

இவை நமது கற்பனைக் குற்றச்சாட்டுகளும் அல்ல. கண்காட்சிக்காக நாய்களின் உடலைக் கெடுக்கிறார்கள் என்று 2008-இல் பி.பி.சி. தொலைக்காட்சி அம்பலப்படுத்தியபோது பிரிட்டன் அதிர்ந்தது. மிகைப்படுத்தலுக்குப் பரிசு கொடுக்கலாகாது என்று பிரிட்டிஷ் கெனல் கழகம் 2009-இல் தன் இலக்கணங்களைத் திருத்திற்று. 2012-இல் க்ரஃப்ட்ஸ் கண்காட்சியில் 15 இனங்களின் முதலிட நாய்களை மிருக வைத்தியர்கள் சோதித்தபோது ஆறு நாய்கள் தேறவில்லை. அந்த ஆறில் ஆப்கான் இல்லை. ஆனாலும் முதலிடம் என்ற நாடாவுக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கலாம் என்பதை உலகம் கண்டுகொண்டது. இலக்கணம் எழுதிய ஊரே திருந்த முற்பட்ட பின்னும், இரவல் வாங்கிய ஊர் பழைய பிழையைப் பொன்னே போல் போற்றுவதா?

நம்மூர் வெயிலில்

மகாவலிப் பள்ளத்தாக்கு ஆப்கான் மலையன்று. இங்கே வெயிலோடு ஈரமும் சேர்ந்து வாட்டுகிறது. நாய்க்கு மனிதனைப்போல் உடலெங்கும் வியர்த்துச் சூடு தணிவதில்லை. இளைத்து இளைத்தே தணியவேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் அடைபடுகிறது. மழைக்காலத்தில் நனைந்த உரோமம் சடைபிடிக்கிறது. சடைக்குள் தோல் புண்ணாகிறது. அடர்ந்த உரோமத்தின் அடியில் உண்ணி ஒளிந்துகொண்டால், காய்ச்சல் கண்டு நாய் சுருண்டு விழும்வரை வளர்ப்பவர் அறிவதில்லை. உண்ணிக் காய்ச்சல் இந்நாட்டில் எத்தனை நாய்களைக் கொண்டுபோகிறது என்பதைப் பேராதனையில் மிருக வைத்தியம் கற்ற எவரும் சொல்வார்.

இப்படிப்பட்ட நிலத்தில் அளவு மிஞ்சிய உரோமத்துக்கு நாடா கட்டினால் விளைவு என்ன? அடுத்த ஆண்டு வளர்ப்பவர் இன்னும் நீண்ட உரோமத்தைத் தேடுவார். குட்டிகளின் விலை உரோமத்தின் நீளத்தோடு ஏறும். சம்பளத்தில் மிச்சம் பிடித்த ஆசிரியரும் மரக்கறி விற்று வந்த கமக்காரரும் நிறத்துக்குப் பணம் கொடுத்துக் குட்டி வாங்குவார்கள். பிறகு மருந்துக்கும் பணம் கொடுப்பார்கள். நடுவர் அன்று மாலையே கொழும்புக்கு வண்டி ஏறிவிடுவார். துன்பம் மட்டும் கட்டுகஸ்தோட்டையில் தங்கிவிடும்.

தமிழ்நாடு கற்றுத்தரும் பாடம்

ஆப்கான் அயல்நாட்டு நாய், நமக்கென்ன என்று கமக்காரர் இருந்துவிட வேண்டாம். நமது நாய்களையும் இந்த நோய் தீண்டியிருக்கிறது. இராசபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அஞ்சல் துறை 2005-இல் நாட்டு நாயினங்களுக்காக வெளியிட்ட நான்கு முத்திரைகளில் ஒன்றைப் பெற்ற இனம் அது. பால்வெள்ளை வேண்டும், இளஞ்சிவப்பு மூக்கு வேண்டும் என்று வெண்மையையே தேடித் தேடி இணைசேர்த்தார்கள். செவிட்டுக் குட்டிகள் பிறப்பதும் அவ்வினத்தின் தீராத குறையாயிற்று. காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன நாய்க்குக் காது கேளாமற் போனால் அதன் வெண்மையை வைத்துச் சுவருக்கா பூசுவது?

கன்னி நாயும் சிப்பிப்பாறை நாயும் நெருங்கிய உறவு. நிறத்தைக் கொண்டே இரண்டையும் வேறுபடுத்துவாரும் உளர். ஓட்டத்தில் ஒன்றாக நிற்பவற்றை நிறத்தால் இரண்டாக்கினால், இருக்கும் சிறு தொகையும் இன்னும் சிறுத்துப்போகும். இணைசேர்க்கும் வட்டம் குறுகக் குறுக நோய் பெருகும் என்பது மாடு வளர்த்த எவருக்கும் தெரிந்த உண்மை.

நமது முன்னோர் நாயை எப்படி மதித்தார்கள்? திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில், நாட்டப்பட்டது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் அருகே அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலையும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்தும் அந்தப் பெயர் நிற்கிறது. கோவிவனின் நிறம் என்ன? உரோமம் எத்தனை விரற்கடை? கல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிற்பிக்கு எது எழுதத்தக்கது என்று தெரிந்திருந்தது!

நாம் கேட்பது

ஆகவே கண்டிப் பகுதியில் நாய்க் கண்காட்சி நடத்துவோரை நாம் கேட்கிறோம். நடுவர் முதலில் கையால் பார்க்கட்டும். பிறகு கண்ணால் பார்க்கட்டும். விலாவையும் இடுப்பையும் தொட்டறியாமல் எந்த நீள்உரோம நாய்க்கும் இடம் கொடுக்கக்கூடாது. இரண்டு சுற்று நடத்திவிட்டு நிறுத்தாமல், பரந்த வெளியில் ஓடவிட்டு, ஓடி முடிந்தபின் மூச்சையும் பார்க்கட்டும். இயற்கையாய் அமைந்த குட்டைமுதுகு உரோமத்துக்கு மதிப்பெண் கொடுக்கட்டும். கத்தரி பட்ட உரோமத்துக்குக் குறைக்கட்டும். எழுதிய இலக்கணம் விலக்காத நிறத்தை நடுவரின் நாவும் விலக்கலாகாது. தீர்ப்பின் காரணத்தை இரண்டு வரியாவது எழுதிக் கொடுக்கட்டும். காரணம் எழுத அஞ்சும் தீர்ப்பு நியாயமான தீர்ப்பாக இருக்க முடியாது.

குட்டி வாங்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். நிறத்தைக் கேட்குமுன் காது கேட்கிறதா என்று கைதட்டிப் பாருங்கள். தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். அவற்றின் கண்ணில் புரை உண்டா என்று விசாரியுங்கள். தாய் ஓடுவதைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நீங்கள் நிறத்துக்குப் பணம் கொடுக்க மறுத்த நாளில், நடுவரும் நிறத்துக்கு நாடா கொடுக்க மறப்பார்.

நமது நண்பர் தோல்வியோடு திரும்பினார் என்று யாரும் வருந்த வேண்டாம். மறுநாள் விடியலில் மகாவலிக் கரையில் அந்த நாய் ஓடியது. நீண்ட உரோமம் காற்றில் பின்னால் பறக்க, குட்டை முதுகு பளிச்சிட, வயலுக்குப் போன கமக்காரர் இருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார்கள். நாய் எந்த நிறம் என்று அவர்கள் கேட்கவில்லை. என்ன ஓட்டம் என்றுதான் சொன்னார்கள். அடுத்த கண்காட்சிக்கு நடுவர் தேடுவோர் முதலில் அந்த இருவரிடம் பாடம் கேட்டு வரட்டும்!